இழுபடும் காரில் உட்கார மறுத்தவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, தான் என்னென்ன செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு டிரைவரை நான் பார்த்ததில்லை.

ஷார்ஜாவில் சஜா பக்கம் எங்கள் கம்பெனியின் யார்டு இருந்தது. பஸ், பிக்கப், தண்ணீர் லாரி எல்லாம் வாடகைக்கு விடும் தொழில். நான் அங்கே மேனேஜர். பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, திருச்சியில் ஒரு கல்லூரியில் சில காலம் பாடம் நடத்திவிட்டு, கடைசியில் பாலைவனத்தில் ஒரு தகரக் கூரை அறையில் ஏ.சி.க்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"முதல்லயே சொல்லிருதேன் சார்," என்றார். "ஆளுகள பிக்கப் பின்னால நிக்க வச்சு ஏத்த மாட்டேன். சீட்டு இருந்தா ஏத்துவேன். பிரேக்கு சரியில்லாத வண்டியத் தொட மாட்டேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்காம வண்டி எடுக்க மாட்டேன்."

"எண்ணெய் தேய்க்கிறது சனிக்கிழமை இல்லையா?"

"ஊர்ல சனிக்கிழமைதான். இங்க வெள்ளிக்கிழமைல்லா லீவு. நாமதான் மாத்திக்கிடணும்."

"வேற?"

"இப்பைக்கு இவ்வளவுதான். வேற வந்தா அப்பப்பச் சொல்லுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கனரக வாகனங்கள் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருந்ததால், சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டேன். வளைகுடாவில் அதை 'ஹெவி லைசென்ஸ்' என்பார்கள். வாங்குவது லேசில்லை, வாங்கியவருக்கு அதுவே பெயராகிவிடும். ஆள் மூங்கில்கழி போல ஒல்லி. ஆனாலும் யார்டு முழுக்க அவர் 'ஹெவி அண்ணாச்சி'. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரிடம் கேட்காமல் அவர் சார்பாக நான் ஏற்கெனவே ஒருமுறை பேசிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மறுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. குரலை உயர்த்த மாட்டார். காரணத்தை ஒரு தடவைதான் சொல்வார். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நிற்பார். கோபித்துக்கொண்டு வெளியே போகிறவனை எப்படியாவது சமாளித்துவிடலாம். நின்றுகொண்டே இருப்பவரை என்ன செய்வது?

எங்கள் ஃபோர்மேன் லாகூர்க்காரர். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் நீளம். தமிழ் டிரைவர்கள் எல்லோரும் அவருக்கு "ஏ மதராசி". ஒருநாள் யார்டு அதிர அப்படிக் கூப்பிட்டபடி இருந்தார். நம்மவர் பஸ்ஸின் ஸ்டீயரிங் மேல் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் என் அறைக்கு வந்து, "இஸ்கா கான் கராப் ஹை க்யா, சாப்?" என்று, இவன் காது கெட்டுப்போச்சா என்ற அர்த்தத்தில், கத்தினார். நான் போய்க் கேட்டேன்.

"ஏங்க, கூப்பிடுறது காதுல விழலையா?"

"என்னைய யாரும் கூப்பிடலியே சார். மதராசின்னு யாரோ ஒருத்தனத் தேடுதாரு. நானும் பாத்தேன், அப்படி யாரும் இங்க இல்ல."

ஃபோர்மேன் நாலைந்து நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் "ஹெவி பாய்" என்று, அண்ணன் முறை வைத்து, அவர் வாயிலிருந்து வந்தது. அடுத்த நொடியே பஸ் கதவு திறந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்னும் சிநேகிதம்.

ஓர் ஆடி மாதம். அங்கே ஆடிக்காற்றெல்லாம் கிடையாது, அடுப்புக்காற்றுதான். சைட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் ஏ.சி. நின்றுபோயிருந்தது. நான்தான் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டிருந்தேன். ஒரு மதியம் அவர் பஸ்ஸை நேராக என் அறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே இருந்தவர்கள் முழுக்க இறங்கி, சிமெண்டும் வேர்வையுமாக என் அறைக்குள் வந்து கம்பளத்தின் மேல் நின்றார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள்.

"என்ன இது?" என்றேன்.

"வண்டி ஆறட்டும் சார். அது வரைக்கும் ஆளுக இங்க ஆறட்டும்."

அந்தக் கம்பளம் போச்சே என்றுதான் நான் முதலில் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி உள்ளே வந்தார். அர்பாப் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். வயதானவர், உள்ளூர்க்காரர், ஒட்டகம் மேய்த்த காலத்தை மறக்காதவர். அறைக்குள் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே ஏ.சி. சரியாயிற்று. அதன் பிறகு யார்டுக்கு வரும்போதெல்லாம் "வேன் ஹெவி?", அதாவது எங்கே ஹெவி என்று கேட்டு, அவரைக் கூப்பிட்டுக் கை கொடுத்துவிட்டுத்தான் போவார்.

இதையெல்லாம் வைத்து அவரை ஒரு மகான் ஆக்கிவிட வேண்டாம். பிடிவாதம் சும்மாவும் வரும். அவர் வழி கேட்கமாட்டார். அல் அய்ன் பக்கம் ஒரு வேலையாக என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, எங்கேயோ தவறாகத் திரும்பிவிட்டார். தெரு ஆள் ஒருவரைக் காட்டி, "கேட்டுடுங்களேன்," என்றேன்.

"கேக்க மாட்டேன் சார். ரோடுன்னா எங்கயாவது போய்த்தான ஆகணும்."

போயிற்று. ஓர் ஒட்டகப் பண்ணையின் கம்பிவேலியில் போய் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பலூச்சிக்காரர் எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். இவர் அசரவில்லை. இறங்கிப் போய் சலாம் சொல்லி, இரண்டு டம்ளர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். "டீ குடிக்கணும்னு நெனச்சேன் சார், வந்தாச்சு," என்றார். திரும்பும்போதும் வழி கேட்கவில்லை.

சொந்த அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று எப்போதோ சொல்லியிருந்தார். அண்ணன் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று ஊரிலிருந்து மனைவி போனில் அழுதபோதும், லீவில் போனவர் அந்தத் தெருப்பக்கம் போகாமலே திரும்பிவந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சொல்லிட்டேன்லா சார்," என்றார். முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் இறங்கிவரவில்லை. அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இப்போது வீட்டு வண்டிக்கு வருகிறேன்.

அர்பாபுக்கு ஒரு ஆசை வந்து, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பழைய மோட்டார்ஹோம் இரண்டை வாங்கிப் போட்டார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. விடுமுறை நாட்களில் கடற்கரைக்கும் பாலைவனத்துக்கும் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்துப் போகும். யார்டில் அதற்கு 'வீட்டு வண்டி' என்று பெயர் வைத்தார்கள். அண்ணாச்சி முதல் தடவை உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, "கக்கூஸையும் கட்டித் தூக்கிக்கிட்டு ஊர் சுத்தணும்னு எவனுக்குய்யா தோணுச்சு," என்று சிரித்தார். ஆனால் அந்த வண்டிகள் அவர் பொறுப்புக்குத்தான் வந்தன. எங்கள் ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது அர்பாபின் விதி. ஜெனரேட்டர், தண்ணீர், கழிவுத்தொட்டி இவற்றைப் பார்த்துக்கொள்ள.

ஒரு மார்ச் மாதக் கடைசியில், பள்ளி விடுமுறைக்கு, சின்ன வண்டியைக் கேட்டு ஒரு தமிழர் வந்தார். சென்னைக்காரர், அபுதாபியில் பெரிய உத்தியோகம், பல வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். திப்பா கடற்கரையில் ஒரு வாரம் தங்கப் போகிறார்கள். வண்டியை அவரே ஓட்டுவார். அதற்குப் பின்னால் அவருடைய காரையும் இரும்புத் தண்டால் பிணைத்து இழுத்துப்போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும் காரைக் கழற்றிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாமாம். கூடவே நான்கு சைக்கிள்கள். "அங்கல்லாம் எல்லாரும் இப்படித்தான் போவாங்க, வெரி காமன்," என்றார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். அர்பாபிடம் இவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். அபுதாபியிலிருந்து இன்னும் நாலு பெரிய இடங்களை இவர் அனுப்புவார் என்ற எண்ணம்.

எனக்கு அப்போது அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அறுபதுக்கு மேல் விசா நீட்டிப்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது. அந்தப் பயத்தில் நான் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

கிளம்பும் நாள் காலை, யார்டில் எல்லாம் பூட்டப்பட்டது. வீட்டு வண்டியின் முதுகில் சைக்கிள் மாட்டும் சட்டம். அதில் நான்கு சைக்கிள்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. அதற்குப் பின்னால் தண்டு, தண்டின் முனையில் கார். அண்ணாச்சி வண்டியை எடுத்து யார்டுக்குள்ளேயே ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வளைவில் கார் ஒரு பக்கம் ஒதுங்க, கடைசி சைக்கிளின் மிதிகட்டை ஆடிப்போய் காரின் மூக்கில் கீறிவிட்டது. ஒரு விரல் நீளம்தான். சென்னைக்காரரின் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"சைக்கிள கார் உள்ள வச்சிரலாம்மா," என்றார் அண்ணாச்சி. "முன்சக்கரத்தக் கழட்டுனா பின்சீட்டுல நாலும் போயிரும்."

"ஐயோ, வேணாம். லெதர் சீட்டு. செயின் கிரீஸ் பட்டுதுன்னா போகவே போகாது."

"அப்ப வீட்டு வண்டிக்குள்ள வையுங்க."

"குழந்தைங்க எங்க உக்காரும்?"

கணவர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "சிம்பிள் சார். உங்க ஆள் எப்படியும் கூட வர்றாரு. அவர் கார்ல உக்காந்துக்கட்டும். சைக்கிள் அவர் கண்ணுக்கு நேரா இருக்கும். ஏதாவது ஆடுச்சு, லூஸாச்சுன்னா எனக்கு ஒரு போன் அடிச்சா நான் நிறுத்திடப் போறேன்."

அம்மாவும் உடனே ஒத்துக்கொண்டார். வீட்டு வண்டிக்குள் குடும்பத்தோடு வேற்று ஆள் இருப்பது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணாச்சி காரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், கார அவுத்து விடுங்க. நான் ஓட்டிக்கிட்டுப் பின்னாலயே வாரேன். சைக்கிளயும் பாத்துக்கிடுதேன்."

"இல்லப்பா, அது வொய்ஃபோட கார். வெளியாள் யாரும் ஓட்டுறதில்ல."

"ஓட்டத் தெரிஞ்சவன ஸ்டீயரிங் முன்னால உக்கார வச்சிட்டு, கார மாடு மாதிரிக் கட்டி இழுப்பீங்களா? உங்க அமெரிக்காவுல உள்ள ஆள வச்சா சார் இழுக்காங்க?"

சென்னைக்காரருக்கு முகம் சிவந்தது. "அங்க டிரைவரே கிடையாதுப்பா," என்றார்.

ஃபோர்மேன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்குகள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் அண்ணாச்சியைத் தனியே தள்ளிக்கொண்டு போனேன்.

"ரெண்டு மணி நேரப் பயணம்தானே. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துடுங்களேன்."

"கண்ண மூடிட்டா சைக்கிள யாரு பாக்கது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "மாட்டேன் சார். சைக்கிள் ஏறுனா சீட்டு அழுக்காவும், அதனால அது வெளிய. நான் ஏறுனா வீட்டு வண்டி அழுக்காவும், அதனால நான் கார்ல. அந்த அம்மா கணக்கு எனக்குப் புரியுது. வண்டிய ஓட்டச் சொல்லுங்க, எங்க வேணும்னாலும் ஓட்டுதேன். சாமான் மாதிரி இழுபட்டு வர மாட்டேன்."

"அர்பாப்கிட்ட சொல்ல வேண்டி வரும்."

"சொல்லுங்க. என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க."

அவருக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். விசாவை ரத்து செய்து அனுப்பினால் கூடவே தடையும் விழும். கொஞ்ச காலத்துக்கு அந்த நாட்டில் வேறு எங்கும் வேலைக்கு வர முடியாது. ஐம்பதைத் தாண்டியவருக்குத் திரும்பவும் யார் விசா கொடுப்பார்கள்? ஊரில் அவருடைய வீடு கூரை போடாமல் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. போட்டோவை எனக்கே காட்டியிருக்கிறார். "மேல மட்டும் மூடிட்டா போதும் சார், நான் போயிருவேன்," என்று அடிக்கடி சொல்வார்.

எல்லாம் தெரிந்தே, அவரோடு என் அறைக்கு வந்து போனை எடுத்தேன். அவர் என் முன்னால்தான் நின்றார். நான் அரபியில் சொன்னது ஒரே வாக்கியம்: ஹெவி டியூட்டிக்குப் போகமாட்டேன் என்கிறார், வாடிக்கையாளர் குடும்பத்தோடு நிற்கிறார்.

"ஏன்?" என்று கேட்டார் அர்பாப். அவர் கேட்டார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என் வாயருகே இருந்தது. இழுத்துப்போகும் காருக்குள் உட்காரச் சொல்கிறோம் என்று சொல்லியிருந்தால், அந்தக் கிழவர் என்னைத்தான் திட்டியிருப்பார். அது எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. "காரணம் ஒன்றுமில்லை அர்பாப், பிடிவாதம்," என்றேன்.

"கலாஸ்," என்றார். முடிந்தது, ஆளை அனுப்பிவிடு என்று பொருள்.

அண்ணாச்சிக்கு யார்டு அரபி நன்றாகவே தெரியும். நான் போனை வைத்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவிகளை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, யார்டைக் குறுக்கே நடந்து, டிரைவர்கள் தங்கும் கேம்ப் பக்கம் போனார். மெக்கானிக்குகள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

இப்போது காரில் யார் உட்காருவது? ஃபோர்மேனைப் பார்த்தேன். "மேரா பி கான் கராப் ஹை, சாப்," என்று காதைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மற்றவர்களும் அவசர வேலை வந்ததுபோல வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் "அப்பா, எப்போ போவோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தன. நானே ஏறினேன். மடித்துத் தேய்த்த கால்சட்டையும் கழுத்தில் டையுமாக.

தைத் என்ற ஊர் வரைக்கும் ஒன்றுமில்லை. நேர் சாலை. ஸ்டீயரிங் எனக்கு முன்னால் தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது, என்னைக் கேட்காமல். எஞ்சின் ஓடாததால் ஏ.சி. கிடையாது. கண்ணாடியை இறக்கினால் மணல், ஏற்றினால் அடுப்பு. கண்ணுக்கு நேரே நான்கு சைக்கிள்களும் நடுங்கிக்கொண்டு. சக்கரக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், வீட்டு வண்டியின் பின் கண்ணாடியில் சின்னப் பெண் முகத்தை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கையில் சிப்ஸ் பொட்டலம். கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

மசாஃபி தாண்டி மலைக்குள் நுழைந்ததும் கல் லாரிகள் எதிரே வர ஆரம்பித்தன. சாலை குறுகல். ஒவ்வொரு வளைவிலும் கார் வெளிப்பக்கம் தள்ளிப்போய், லாரியின் சக்கரம் என் தோளுக்கு வெகு அருகில் கடந்தது. ஒரு வளைவில் கடைசி சைக்கிளின் வார் நெகிழ்ந்து, முன்சக்கரம் என் முகத்துக்கு நேரே தொங்கிச் சுழல ஆரம்பித்தது. போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். உள்ளே பாட்டு போட்டிருப்பார்கள் போல. எதிரே அடுத்த லாரி வந்துகொண்டிருந்தது. பயத்தில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பி, பிரேக்கையும் மிதித்துவிட்டேன். தண்டு முறுகிக் கத்தியது. வீட்டு வண்டியே ஒரு உதறு உதறி ஓரத்தில் நின்றது.

சென்னைக்காரர் இறங்கி ஓடிவந்தார். "என்ன சார் பண்றீங்க? உங்கள பாக்கத்தான சொன்னேன், எதையும் தொடாதீங்க! எல்லாரும் போயிருப்போம்!"

அவர் சொன்னது சரிதான். குழந்தைகள் இருந்த வண்டி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சாரி சார்," என்றேன். சொல்லிவிட்டு, அந்த வாரை நானே இறுக்கிக் கட்டிவிட்டு, திரும்பவும் அதே காரில் ஏறி உட்கார்ந்து, திப்பா வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு இழுபட்டுப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். சாலையோரம் இறங்கி நின்றிருக்கலாம். எனக்கு வரவில்லை. எம்.ஏ. படிப்பில் அது இல்லை.

திப்பாவில் ஜெனரேட்டர் வேலைக்கு உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டு, டாக்சி பிடித்துத் திரும்பினேன். வரும் வழியெல்லாம், அர்பாபிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டே வந்தேன். யார்டு வந்ததும் முடிவு மாறியிருந்தது. சொன்னால் முதலில் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். அதோடு, நானே அந்தக் காரில் உட்கார்ந்து போனதையும் சொல்ல வேண்டும். ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். மறுநாள் கேம்புக்குப் போனேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள். எனக்கு மரியாதை கொடுத்து அல்ல.

"அர்பாப்கிட்ட வந்து ஒரு சாரி மட்டும் சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். விசா கேன்சல் இன்னும் முடியல."

"என்னத்துக்கு சாரி?"

"சும்மா ஒரு வார்த்தை."

"சும்மா ஒரு வார்த்தை சொல்லித்தான சார் நீங்க என்னைய இங்க உக்கார வச்சிருக்கீங்க," என்றார். "நான் சாரி சொன்னா, நாளைக்கு இன்னொருத்தன அதுல ஏத்துவீங்க. கேட்டா, ஹெவியே மன்னிப்புக் கேட்டான், நீ என்னடான்னு சொல்லுவீங்க. மாட்டேன்."

"வீடு பாதியில நிக்குதே."

"நிக்கட்டும். கம்பி துருப்பிடிக்கும், அவ்வளவுதான?"

நான் எழுந்து வந்தேன். அவர் மறுத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. இனி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார் என்று எனக்கு நானே கணக்கை முடித்துக்கொண்டேன்.

என் விசா நீட்டிக்கப்பட்டது. அர்பாப் அதன் பிறகும் சில வருடம் இருந்தார். யார்டுக்கு வரும்போது யாரையும் கூப்பிட்டுக் கை கொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தார். அவர் இறந்த வீட்டில் போய் உட்கார்ந்திருந்தபோதும், சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. பக்கத்தில் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். என் மகனிடம் இதைச் சொன்னால், "விடுங்கப்பா, அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான் இருந்தாங்க," என்கிறான். எல்லோரும் அப்படி இல்லை. ஒருவர் அப்படி இல்லாமல் இருந்தார் என்பதுதான் என் தொந்தரவே. அவர் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் நானும் எல்லோரையும் போல என்று சொல்லிக்கொண்டு தூங்கியிருப்பேன்.

அவர் ஊருக்குப் போன நாளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மத்தியான விமானம். நான் ஏர்போர்ட்டில் கொண்டுவிடுவதாகச் சொன்னேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"வாரேன். ஆனா நான்தான் ஓட்டுவேன்," என்றார்.

பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சீட்டைத் தன் காலுக்குத் தக்கபடி முன்னே இழுத்துக்கொண்டார், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார்டு வாசலில் ஃபோர்மேன் கையைத் தூக்கி நின்றார். இவர் ஒரே ஒரு ஹாரன் கொடுத்தார். என்னுடைய காரை அத்தனை அழகாக யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒரு குலுக்கல் இல்லை.

"நான்தான் அந்தக் கார்ல உக்காந்து போனேன்," என்றேன்.

"தெரியும் சார். யார்டே சிரிச்சிச்சு."

"நீங்க?"

"நான் சிரிக்கல. அந்த ரோட்டுல கல்லு லாரி எப்படி வரும்னு எனக்குத் தெரியும்லா." கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "பயந்துட்டீங்களோ?"

"ஆமா."

"பொறவும் ஏறி உக்காந்தீங்களாமே."

புறப்பாடு வாசலில் வண்டி நின்றது. முன்னும் பின்னும் கார்கள், பெட்டிகளோடு ஆட்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"அர்பாப் ஏன்னு கேட்டார். நான் காரணத்தைச் சொல்லல. உங்க மேல பழியப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டீயரிங் மேல் கை வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"அவருகிட்ட இதச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"பொறவு என்கிட்ட என்னத்துக்கு சார் சொல்லுதீங்க? எனக்குத்தான் தெரியுமே."

இறங்கினார். பின்பக்கம் திறந்து பெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். நான் கை நீட்டியிருந்ததை அவர் பார்த்தாரா என்று தெரியாது. கண்ணாடிக் கதவுக்குள் அந்த ஒல்லி உருவம் நிமிர்ந்து நடந்து மறைந்தது. திரும்பவில்லை.

கார் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். போலீஸ்காரர் ஒருவர் வந்து குனிந்து உள்ளே பார்த்தார். காலியான ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பானட்டில் தட்டி, "யல்லா, யல்லா," என்றார். "டிரைவர் எங்கே?"